எது முதல் நாள்

எனக்கு யாரையும் லேசில் நம்பும் புத்தி கிடையாது. பால்காரர் கண் முன்னால் அளந்து ஊற்றினாலும் பாத்திரத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லாமல் போனதில் இந்தப் புத்தி முற்றிப்போய், வீட்டில் ஒருவரையும் நம்பாதவளாகிவிட்டேன்.

அதிகமாகச் சந்தேகப்பட்டது என் மாமியாரைத்தான். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். தூரமானால் நான்கு நாள் நான் சமையலறைக்குள் போவதில்லை. ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன். இந்தக் காலத்திலுமா என்று கேட்பவர்கள் நேரில் வந்து மாமியாரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அந்த நாட்களில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலைக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டார். நூலுக்குமா தீட்டு என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். போதாக்குறைக்கு, சமையலறைக் காலண்டரில் மாதாமாதம் ஒரு தேதியில் சின்னப் பெருக்கல் குறியும் இன்னொரு தேதியில் வட்டமும் போட்டு வந்தார்.

ஒரு கல்யாணப் பந்தியில், நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிந்தே, என் கணவரின் பெரியம்மா மாமியாரிடம் சொன்னார்: "நாலு வருசம் பாத்தாச்சு. பையனுக்கு வேற எடம் பாத்தா என்ன தப்பு?" மாமியார் பரிமாறியவரைக் கூப்பிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். அன்றே எனக்கு முடிவாகிவிட்டது. மாதம் தவறாமல் இவள் தூரமானாள் என்று நாலு பேர் முன்னால் காட்டி, என்னை உடுமலைக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பத்தான் அந்தக் காலண்டர்.

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். என் கணவருக்கு எடுத்த பரிசோதனையில் குறையில்லை. அந்த ரிப்போர்ட்டையும் நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எனக்குக் கருக்குழாயில் அடைப்பில்லை, கருப்பையில் கட்டியில்லை.

"மாசம் ஒரு முட்டை வளந்து, வெடிச்சு, குழாய்க்குள்ள வருமுங்க," என்றார் டாக்டரம்மா. "வந்தா அதுக்கு ஒரு நாள்தான் உசுரு. அது தெரிஞ்சு நாள் பாத்துக்கோணும். பன்னெண்டாம் நாள் ஸ்கேனுக்கு வந்துருங்க."

பன்னிரண்டாம் நாள் போனோம். முட்டை ஏற்கெனவே வெடித்துவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த மாதமும் அதே பன்னிரண்டாம் நாள், அதே பதில். மூன்றாம் மாதமும் அப்படியே. திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. அதில் எது என் கருப்பை, எது மெஷின் கோளாறு என்று யார் கண்டது?

"இவங்க நம்மள அலைய உடறாங்க," என்றேன் பஸ்ஸில்.

"அப்படியெல்லாம் இருக்காது," என்றார் என் கணவர்.

"உங்களுக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க."

நான்காம் தடவை டாக்டரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன். சொன்ன நாளில்தான் வந்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். போனில் தேதி குறிக்கும் ஆப் ஒன்று வைத்திருந்தேன். எவனோ எங்கோ உட்கார்ந்து என் தேதிகளைப் பார்ப்பான் என்று அதையும் அழித்திருந்தேன். மிச்சம் மாமியாரின் காலண்டர்தான். அவர் தறிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து மூன்று மாதத் தாள்களையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரின் மேசையில் அவற்றை விரித்தேன். "இந்த வட்டத்துல இருந்து எண்ணிப் பாருங்க. மூணு மாசமும் சரியாப் பன்னெண்டாம் நாள் வந்திருக்கறோம். அப்பறம் எப்படி முட்டை காணாமப் போவுது?"

அவர் கோபப்படவில்லை. "வட்டம் என்னதுங்க?"

"தலைக்கு ஊத்துன நாள்."

"இந்தப் பெருக்கல் குறி?"

அதை நான் மாமியாரிடம் கேட்டதே இல்லை. வட்டத்துக்கு நான்கு நாள் முந்தி இருந்தது. மூன்று தாளிலும் அப்படித்தான். "தூரமான நாளா இருக்கும்," என்றேன்.

"இதுதானுங்க ஒண்ணாம் நாள். உங்க பன்னெண்டு எங்களுக்குப் பதினாறு."

நான் விடவில்லை. "அது அழுக்குப் போற நாளுங்க. அதைப் போய்க் கணக்குல சேப்பாங்களா?"

"அழுக்கில்லீங்க. கரு வந்தா தங்கறதுக்குக் கருப்பை உள்ள மெத்தையாட்டம் கட்டி வெக்குது. வரலீன்னா கலைச்சு அனுப்புது. நீங்க வெளிய உக்காந்திருக்கற அன்னிக்கே உள்ள அடுத்த முட்டைக்கு வேலை ஆரம்பிச்சிரும். நீங்க தலைக்கு ஊத்தற வரைக்கும் அது காத்திருக்காது."

என் கணவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் நாங்களாக நாள் பார்த்ததும் இதே கணக்கில்தான். யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் தப்பாக எண்ணியிருக்கிறேன். எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "காலண்டரை எலி கிழிச்சுப்போட்டுதா அம்மணி?"

தாள்களைக் கொடுத்தேன். "இந்தப் பெருக்கல் குறி எதுக்குங்க அத்தை?"

"மொத நாளு வவுத்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு படுத்துக்கறே. அடுத்தது எப்ப வருமுன்னு தெரிஞ்சாத்தான தாரு சுத்த வேற ஆளச் சொல்லி வெக்க முடியும்? வட்டம் போட்ட அன்னைல இருந்து உன்னையக் கூப்பிடலாம்."

"அன்னிக்குப் பந்தியில பெரியம்மாவுக்கு ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"பந்தியில பேசுனா நாலு எலைக்குக் கேக்கும். கை கழுவற எடத்துல சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"அது எனக்கும் அவளுக்கும்." தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை.

அடுத்த மாதம் பெருக்கல் குறியிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாம் நாள் போனோம். திரையில் கரேலென்று ஒரு வட்டம். பதினெட்டு மில்லிமீட்டர், இரண்டு நாளில் வெடிக்கும் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் அந்த மெஷினை நம்பினேன்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் மாமியார் பேனாவோடு காலண்டர் முன் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை அலமாரியில் வைத்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும். நாள் தள்ளிப்போய் வந்துவிடும் என்றே நான் பயந்துகொண்டிருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"போடட்டுமா வேண்டாமா அம்மணி?"

அன்று விடிந்ததும் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்த்திருந்தேன். நம்பாமல் இன்னொரு அட்டையிலும் பார்த்திருந்தேன்.

"வேண்டாமுங்க அத்தை."

அவர் பேனாவை மூடப் பார்த்தார். மூடி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனேன்.

"நீ குனியாத கண்ணு," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரே குனிந்தார்.