போயிட்டு வரேன் என்று சொன்ன வீடு

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களோடு மல்லுக்கு நிற்க இன்று எனக்குத் தெம்பில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அவ்வளவுதான்.

1994, ஜூன் மாதம். நான் அப்போது கோலாலம்பூரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. நீண்ட விடுமுறையில், கிராமப்புறப் பயிற்சி என்று அந்தத் தோட்டத்துக் கிளினிக்குக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். மலாக்கா டவுனை ஒட்டிய பத்து பெரண்டாமில் ஃபேக்டரி சைரன் கேட்டு வளர்ந்தவள் நான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் விழுந்து விழுந்து சிரிப்பேன். வாய்க்கொழுப்பு வேறு.

கிளினிக்கில் டாக்டர் கிடையாது. டிரஸ்சர் தங்கராஜுதான் எல்லாம். மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார், வேனும் அவரே ஓட்டுவார். கூடமாட உதவிக்குச் சுசீலா அக்கா.

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. மாலை 5.50க்கு ஒரு பிரசவக் கேஸ். இரண்டு பேரும் அந்தப் பெண்ணை வேனில் ஏற்றிக்கொண்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

“ஆறரைக்குக் கதவச் சாத்திடு தாரணி. யாரு கூப்பிட்டாலும் வீட்டுக்கெல்லாம் போவாத.”

“ஏன் அங்கிள், புலி வருமா?”

அவர் சிரிக்கவில்லை.

நான் கதவைச் சாத்தவில்லை. யார் சொல் பேச்சைக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேட்க?

6.50. வாசலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பூப்போட்ட கைலி, வெளிறிப்போன சட்டை. படியேறாமல் கீழேயே நின்றாள்.

“தங்கச்சி, பிள்ளைக்கு மூச்சு வரல. வாம்மா…”

அந்தக் குரலைக் கேட்டால் நீங்களும் போயிருப்பீர்கள். மூச்சு கொடுக்கும் ரப்பர் பையையும் ஸ்டெதஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியில் பால்மரம் வெட்டும் முனியாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பொழுது போற நேரத்துல தனியா எங்கம்மா?”

தனியாகவா? முன்னால் ஓர் ஆள் போவது தெரியவில்லையா என்று எரிச்சல்தான் வந்தது. பதில் சொல்ல நிற்கவில்லை.

மேட்டு லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. மற்ற வீடுகளில் எல்லாம் லைட் எரிந்தது, டிவி சத்தம் கேட்டது. இந்த வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. உள்ளே கால் வைத்ததும் டிவி சத்தம் நின்றுவிட்டது… எல்லா வீட்டிலும், ஒரே நேரத்தில்.

பாயில் நான்கு வயதுப் பெண் குழந்தை. உதடு நீலம். மூச்சு இல்லை. கழுத்தில் விரல் வைத்தேன். நூல் மாதிரி ஒரு துடிப்பு இருந்தது.

முகத்தில் பையைப் பொருத்தி அமுக்கினேன். நெஞ்சு ஏறியது. விட்டேன். இறங்கியது. நிறுத்திப் பார்த்தேன். துடிப்பு உடனே தேய்ந்தது. மறுபடி அமுக்கினேன், திரும்பி வந்தது. என் கை ஓய்ந்தால் பிள்ளை போய்விடும். அது மட்டும் புரிந்தது.

7.10. அமுக்கினேன்.

7.40. விரல்கள் மரத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் பிள்ளையின் மூச்சு என் கைமேல் பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று… உயிருள்ள பிள்ளையின் மூச்சு அப்படி இருக்காது.

“அக்கா, ஆபீஸ் கிராணி வீட்டுக்கு ஓடுங்க. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணச் சொல்லுங்க!”

“எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டேன் தங்கச்சி. நான் கூப்பிடுறது ஒருத்தருக்கும் கேக்கல.”

விளக்கை என் முகத்துக்கு அருகே கொண்டு வந்தாள்.

“ஒனக்குத்தான் கேட்டுச்சு.”

விளக்கில் சூடே இல்லை.

ஐயோ… கடவுளே… அமுக்கினேன். அழுதுகொண்டே அமுக்கினேன்.

8.05. பிள்ளை கண்ணைத் திறந்தது.

என்னையே பார்த்தது.

கையை எடுத்துவிட்டேன்.

துடிப்பு இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை செத்துப் போனதால் நான் நிறுத்தவில்லை. பயத்தில் நிறுத்தினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“டிரஸ்சர் வந்திருப்பாரு… கூட்டிக்கிட்டு… போயிட்டு வரேன் அக்கா…”

அவள் முகம் மலர்ந்தது. அதுவரை இல்லாத சிரிப்பு.

“எழவு வீட்ல யாரும் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்கல்ல? சொல்லாமத்தான எறங்குவாங்க? நீ சொல்லிட்ட. அப்ப எம்பிள்ள பொழச்சுக்கும்.”

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது.

8.20. கிளினிக் வாசலில் வேன் அப்போதுதான் வந்து நின்றது. சுசீலா அக்கா அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். நான் உளறியதைக் கேட்ட தங்கராஜு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் போனேன்.

கடைசி வீட்டுக்குக் கதவு இல்லை. கூரையும் இல்லை. உள்ளே இடுப்பளவு லாலான் புல். நடுவில் என் ரப்பர் பை கிடந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

முகத்தில் பொருத்தும் பகுதியின் உள்பக்கம்… மூச்சு பட்டு ஆவி படிந்திருந்தது.

திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தார்.

“கமலவேணின்னு பேரு. எழுபத்தெட்டுல. நான்தான் போனேன். பிள்ள என் கையிலேயே போயிடுச்சு. அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலம்மா. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“டிரஸ்சர் வரேன்னு சொல்லியிருக்காரு, பொழச்சுக்கும்னு பொணத்த யாருக்கும் குடுக்கல. உள்தாப்பா போட்டுக்கிட்டா. மூணு நாள். நாலாம் நாள் கதவ ஒடச்சோம். ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பொதச்சோம்.”

அவர் நின்றார். டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வரப்போ நீ ஒண்ணும் சொல்லிட்டு வரலியே?”

“இல்ல அங்கிள்,” என்றேன்.

பொய். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துப் பயிற்சியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான்கு வருடம் ஓடிவிட்டது. படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

இன்று மதியம் பத்து பெரண்டாம் பசாரில் ஒரு கை என் தோளைத் தொட்டது. சுசீலா அக்கா. பசியாறிட்டியா என்று கேட்டார். தங்கராஜு போன வருடம் தவறிவிட்டாராம். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார்.

“ஒரு அம்மா கிளினிக்குக்கு ஒன்னத் தேடி வந்தா. பிள்ளைக்கு முடியலயாம். நீ வரேன்னு சொல்லியிருந்தியாமே? படியேறாம கீழயே நின்னு அழுதா, பாவம். பழைய ரெஜிஸ்டர்ல இருந்த ஒன் வீட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துட்டேன்.”

“எப்பக்கா?”

“நேத்து சாயந்தரம். கடைசி பஸ் போயிடுச்சுன்னு சொன்னேன், கேக்கல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தே கெளம்பிட்டா.”

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லூபோக் சீனாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு, நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தால், ஒரு நாள் ஆகும்.