குழாய் திரும்பிய மார்கழி

எங்கள் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது சயனைட் மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்தது. மேட்டுக்கும், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும். மாசி வரைக்கும் வற்றாது. துணி துவைக்கக்கூட யாரும் அதில் இறங்குவதில்லை.

என் வீட்டுக்காரர் கடைசி இரண்டு வருடம் அந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் இருந்தார். சுரங்கத்துக் கல்தூசி நெஞ்சில் படிந்து, நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு வாங்கும். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், தலைமாட்டில் பெருமாள் படம், மடியில் ஒரு பழைய பைனாகுலர்.

பைனாகுலர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு இவர் பேத்தமங்களா ஏரிப் பக்கம் ஒரு பம்பு வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். மழைக்காலம் முடிந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் அந்த ஏரிக்கு வரும். பார்த்துப் பார்த்து இவருக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பெங்களூரில் இருந்து பறவை பார்க்க வந்த ஒரு டீச்சரம்மா இவருடைய ஆர்வத்தைக் கண்டு, தன் பழைய பைனாகுலரைக் கொடுத்து, போனில் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டார். பனிக்காலம் முழுக்க அதில் செய்தி வரும். பூதிகோட்டை ஏரியில் வரித்தலை வாத்து வந்திருக்கிறது, இன்ன ஊர் ஏரியில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று சுற்று வட்டாரத்து ஏரி எல்லாம் அதில் பேசும். எல்லாம் இங்கிலீஷும் கன்னடமும். நான் எட்டாவது வரை தமிழில் படித்தவள். நான் காய் நறுக்கும்போது அவர்தான் படித்துச் சொல்வார், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய சேதியைச் சொல்வதுபோல.

படுக்கையில் விழுந்த பிறகு மற்றவர்கள் பார்த்ததைப் படிப்பதோடு சரி. அவர் எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

கார்த்திகை தீபம் போய் நாலைந்து நாள் இருக்கும். காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"ஏமே, இங்க வா. சத்தம் போடாம வா."

ஓடினேன். மூச்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பைனாகுலரை என் கையில் திணித்தார். பள்ளத்துத் தண்ணீரில் இரண்டு தாரா, வாத்து ஜாதி. சுட்ட செங்கல் நிறத்தில் உடம்பு, தலை மட்டும் வெளுத்து, ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாமல் மிதந்தன. அப்படி ஒரு நிறத்தை நான் கோயில் விமானத்தில் சாயங்கால வெயில் படும்போது மட்டும் பார்த்திருக்கிறேன்.

"இன்னாங்க இது?"

"நம்ம பக்கம் வர்றதே இல்ல. ஏதோ ஷெல்டக்குனு புஸ்தகத்துல போட்டுகீது. நமக்குத் தெரிஞ்சது சுரங்கத்துல எறங்குற ஷாஃப்டுதான்" என்று சிரித்தார். சிரித்ததற்குப் பத்து நிமிடம் இருமினார்.

போனில் படம் பிடித்து அனுப்பினார். அவ்வளவு தூரத்துக்கு எங்கள் போன் எடுத்ததில் இரண்டு புள்ளிதான் தெரிந்தது. குழுவில் ஒருவர், யாரோ வளர்க்கும் வீட்டு வாத்தாக இருக்கும் தாத்தா என்று எழுதிவிட்டார். இன்னொருவர் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்.

"இருபத்தாறு வருசம் இருட்டுல கண்ண நம்பிப் பொழச்சவன்மே நானு" என்றார். "எனக்கு வாத்து தெரியாதா?"

டீச்சரம்மா மட்டும் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது, அடுத்ததற்கு அடுத்த ஞாயிறு கேமராவோடு வருகிறேன், அதுவரை பறவை இருந்தால் படம் எடுத்து உங்கள் பேரிலேயே பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வேண்டுதல், அந்த ஞாயிறு வரை அவை போகக் கூடாது.

சுரங்கத்துக் கூண்டில் இறங்கினவர் எத்தனை, ஏறினவர் எத்தனை என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்டு தலை எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே இருப்பவன் வீட்டுக்குப் போகலாம். இவரும் அப்படியே ஒரு நோட்டுப் போட்டார். காலை ஷிஃப்டு இரண்டு. மதியம் இரண்டு. விளக்கு வைக்கும்போது இரண்டு. "கணக்கு சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரைக்குக் கை நீட்டுவார். அந்த நாட்களில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். நானும் ஏதோ நல்ல காலம் திரும்புகிறது என்று நம்பிவிட்டேன்.

மார்கழி பிறந்தது. இவர் நன்றாக இருந்த காலத்தில் விடியற்காலை பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா தட்டிக்கொண்டு எங்கள் ஊரிகம் முழுக்க லைன் லைனாகச் சுற்றி வந்தவர். இப்போது கோஷ்டி கிடையாது. பஜனைக் கோயில் கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். அது கடைத்தெருவைப் பார்த்து இருந்தது. மார்கழி முதல் நாள் படுத்தபடியே கேட்டார்.

"இந்த வருசம் பாட்டு போடலியா? காதுல வுழலியே."

அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. சாமி பாட்டுகூட எட்டாத இடத்தில் மனிதர் கிடக்கிறாரே என்று. அவரிடம் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன். கோயிலைப் பார்த்துக்கொள்பவர் இவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். என்னை அண்ணி என்பார்.

"அண்ணனுக்கு இல்லாத பாட்டா, அண்ணி? இன்னிக்கே ஆள வுட்டு உங்க லைன் பக்கம் திருப்பிடறேன். போங்க நீங்க."

மறுநாள் விடியுமுன் பாட்டு எங்கள் கூரை மேலேயே உட்கார்ந்து பாடுவதுபோல் வந்தது. பின்சுவர் அதிர்ந்தது. இவர் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தார், கண்ணோரம் நனைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் வந்ததும் பைனாகுலரை எடுத்தார். வெகு நேரம் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இல்லமே."

அன்றைக்கு மூன்று ஷிஃப்டுக்கும் நோட்டில் சைபர் போட்டார்.

மூன்றாம் நாள் காலை அவை வந்தன. மேட்டுக்கு மேலே இரண்டும் ஒரு வட்டம் சுற்றித் தண்ணீருக்குக் காலை நீட்டின. அந்த நேரம் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு மேளத்தோடு வெடித்தது. இறக்கையின் வெள்ளை பளீரென்று தெரிய, இரண்டும் அப்படியே மேலே ஏறிப் போய்விட்டன. நானும் ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"எந்தப் புண்ணியவான் இத இந்தப் பக்கம் திருப்புனான்?" என்றார். "நீ போய்ச் சொல்லு. ஒரு வாரத்துக்கு பழையபடி கடைப் பக்கம் வெக்கச் சொல்லு. அப்பறம் இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

சரி என்றேன். கோயிலுக்கும் போனேன். ஆனால் வாய் வரவில்லை. சீக்காளி கிடக்கிற வீட்டுக்கு நானே கேட்டு வரவழைத்த பெருமாள் பாட்டை, எங்கள் பக்கம் வேண்டாம், திருப்பு என்று எந்த வாயால் சொல்வது? வந்த சாமியைப் போ என்று சொன்னால் அவர் உயிருக்கே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். மூன்று சுற்று சுற்றினேன். துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேங்க, பாக்கறேன்னாரு" என்றேன்.

மறுநாளும் பாட்டு வந்தது. அதற்கு அடுத்த நாளும். "சொன்னியாமே?" என்று ஒவ்வொரு காலையும் கேட்பார். "சொன்னேங்க." "காது செவுடாப் பூட்சா அவனுக்கு? ஷாஃப்டு வெடி சத்தத்துல பூடுச்சி போல" என்று திட்டுவார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கஞ்சியைக் கிளறுவேன்.

டீச்சரம்மா வருவதாகச் சொன்ன ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை நான் ரேஷன் கடையில் நின்றுவிட்டு வந்தேன். கட்டிலருகே தொன்னையில் வெண்பொங்கல் இருந்தது. கோயில்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனதாக இவர் சொன்னார். குழாயைப் பற்றிப் பேச்சு வந்திருக்குமோ என்று இவர் முகத்தைப் பார்த்தேன். பொங்கலை எடுத்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். அன்று மாலையும் மறுநாள் காலையும் ஸ்பீக்கரைப் பற்றி அவர் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு டீச்சரம்மா பெரிய கேமராவோடு வந்தார். மதியம் வரை ஜன்னலில் உட்கார்ந்தார். இரண்டு கொக்கு வந்தது, ஒரு நாய் வந்து தண்ணீர் குடித்தது. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"அங்கிள், நான் நம்பறேன். நீங்க எழுதினது எல்லாம் அந்தப் பறவைதான். ஆனா படம் இல்லாம அவங்க லிஸ்ட்ல ஏத்த மாட்டாங்க."

"பரவாயில்லம்மா. காபி சாப்புடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே போன் ஒலித்தது. பூதிகோட்டை ஏரியில் யாரோ ஒருவர் எடுத்த படம். செங்கல் நிறம், வெளுத்த தலை, தெளிவாக இரண்டு. இந்தச் சீசனில் நம் பக்கம் முதல் தடவை என்று எழுதியிருந்ததாம். கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. இவர் என்னிடம் படத்தைக் காட்டினார்.

"நம்ம ஜோடிதானே?" என்றேன்.

"ஜோடிதான்."

போனைக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பனி அடிக்கிறது என்றார். அதற்குப் பிறகு பகலிலும் திறக்கச் சொல்லவில்லை. நானாகத் திறந்தால், வேண்டாம் என்று கையசைப்பார். இட்லி மறுபடியும் பாதியாயிற்று, பிறகு கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. மார்கழி முழுக்க, சாத்திய ஜன்னல் வழியாகவும் பாட்டு வந்துகொண்டே இருந்தது. தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். டாக்டர் நுரையீரல் என்றார். இருக்கலாம். எனக்கு அந்த ஜன்னல்தான் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோயில்காரர் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியவர் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணி, மனசத் தேத்திக்கோங்க. போற காலத்துல மார்கழி பூரா சாமி பாட்டு கேட்டுட்டுப் போனாரு, எத்தன பேருக்குக் கெடைக்கும்? பொங்கல் கொண்டாந்தேனே, அன்னிக்கு அண்ணன்கிட்ட சொன்னேன், அண்ணி வந்து கேட்டதாலதான் திருப்பினேன்னு. அப்படியா, அவதான் கேட்டாளான்னாரு. அப்பறம் சிரிச்சாரு. கடைப் பக்கம் திருப்பட்டுமா அண்ணான்னு கேட்டேன், கடைத்தெரு ஜனங்களும் பாட்டு காதுல வுழலன்னு சொல்றாங்களேன்னு. வேணாம், அவ ஆசப்பட்டுக் கேட்டிருக்கா, இருக்கட்டும்னுட்டாரு."

சனிக்கிழமையே அவருக்குத் தெரியும். ஞாயிறு வருவதற்கு ஒரு ராத்திரி மிச்சம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழாய் திரும்பியிருக்கும்.

"அவரு ஞாபகமா அது எப்பவும் உங்க லைன் பக்கமே இருக்கும், அண்ணி" என்றார் கோயில்காரர்.

சரிங்க என்றேன்.

இது அடுத்த மார்கழி. விடியுமுன் பாட்டு வருகிறது, பின்சுவர் அதிர்கிறது. விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர் போய்விட்டார். பெருமாளிடம் கேட்கலாம் என்றால் அவர் பாட்டே குறுக்கே நிற்கிறது. வெளிச்சம் வந்ததும் ஜன்னலைத் திறக்கிறேன். இந்த வருடமும் நல்ல மழை, பள்ளம் நிறையத் தண்ணீர் நிற்கிறது. நோட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே காலை, மதியம், விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று சைபர் போடுகிறேன்.