அம்மை வார்த்த வீட்டில்

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். ஓசூர், ஹூப்ளி என்று சுற்றிவிட்டுப் பெங்களூரில் பெயின்ட் வேலைக்குச் சேர்ந்தேன். கூட வேலை பார்த்த ஒருவன், ஸ்ரீராம்புரத்தில் தன் வீட்டு மாடித் தகரக் கொட்டகையை எனக்குக் கொடுத்தான். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். அவன் சாமியே இல்லை என்பவன். அவன் மனைவி செவ்வாய், வெள்ளி விரதம் தவறாதவள். சோறு போடும்போதே சண்டை தொடங்கிவிடும். நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன். குழம்பு ஆறுகிறதே என்பதுதான் என் கவலை.

ஒரு கோடையில் அவனுக்கு அம்மை வார்த்தது. அவள் வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பதை நிறுத்தினாள். மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை மாத்திரை கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்றாள். அவளுக்கு அது நோயல்ல. ஆத்தாளே உடம்பில் வந்திருக்கிறாள்.

"இந்தத் தெருவுல உங்க ஆத்தாவுக்கு வேற உடம்பே கெடைக்கலயா? இல்லன்னு சொல்றவன் மேலயா வந்து குந்திக்குவா?" என்றான் பாயில் கிடந்தபடி.

"பிரியம் இருக்கிற எடத்துக்குத்தான் வருவா. வாய மூடிக்கினு படு."

"கொப்புளம் போட்டு எரிய வுடறதுதான் பிரியமா? தாயே, நீ என்மேல அப்படிப் பிரியம் வெச்சிடாதடி."

சிரித்துவிட்டாள். உடனே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது அவனே மறுத்தான். "வுடு மச்சான். மூணு தண்ணிதானே, அவ மனசு நோவ வேணாம்."

முதல் தண்ணீர் ஊற்றுவதற்குள் இருமல் வந்தது. பிறகு மூச்சு இழுத்தது. ஆட்டோ கூப்பிடப் போன என்னை அவள் வாசலில் மறித்தாள்.

"ஆத்தா இருக்கும்போது வெளிய எடுத்தா அவ கோவம் தாங்காதுண்ணா. இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாம்."

பார்த்தோம். காலையில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளே வாசலை விட்டு விலகி, "தூக்குண்ணா" என்றாள்.

அம்மை நுரையீரலுக்குப் போய்விட்டது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கன்னடத்தில் கத்தினார். மறுநாள் மதியம் அவன் போய்விட்டான்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "ஆத்தா உள்ள இருக்கும்போது வாசல் தாண்டினா சும்மா வுடுவாளா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "முந்தின நாளே தாண்டியிருந்தா பொழைச்சிருப்பான். ஆத்தாளாம், ஆத்தா!" அவன் இருந்தால் இதைத்தான் சொல்வான் என்று நினைத்துச் சொன்னேன்.

அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். அழவில்லை.

"ஆத்தா இருந்தா, அவள மீறி வெளிய வுட்டவ நான். இல்லன்னா, உள்ளயே வெச்சுக் கொன்னவ நான். இது மெய்யோ அது மெய்யோ, ரெண்டுலயும் நான்தானேண்ணா? அவருகூட சண்ட போட்டா அவரு பதில் சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க."

சாமி கும்பிடுகிறவர்களும் அங்கே இருந்தார்கள், கும்பிடாத அவன் கூட்டாளிகளும் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.