சாமியூட்டுத் தகரம்

தேயிலைத் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கோயிலை இடிக்க உத்தரவு அடித்துக் கொடுத்தேன். அதில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

என் ஊர் சோமனூர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்பில் லோயர். ஆனைமலை பஸ்ஸில் இரண்டு சர்டிபிகேட்டையும் மடியிலேயே வைத்திருந்தேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் காலியானவற்றை இடிப்பதாக ஆபீசில் முடிவாகியிருந்தது. அதைச் சொல்லாமல், ஆள் குடியில்லாத கட்டடங்களை எழுதித் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டிருந்தார்கள். அவர் பென்சிலில் எழுதிய கடைசி வரி: 'சாமியூடு. ஆரும் இல்லே.' கொச்சையை நான் விடுவேனா? 'சாமி என்பவரின் வீடு, காலி' என்று திருத்தி அடித்தேன். அந்த இடிப்புப் பட்டியலில் மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை, கொழுந்து எடுக்கும் ரோசம்மா கூடையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, எங்க சாமியூட்டுத் தகரத்தக் கழட்டறாங்க. நாளைக்குப் பூசைங்க. சாமியாரு மாசம் ஒருக்காத்தான் மலையேறி வாராருங்க."

"சாமின்னு ஒரு ஆளோட ஊடு இல்லீங்களா?"

"ஏசுசாமி ஊடு, கண்ணு."

தஞ்சாவூர்க்கார ஹெட் கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அது ரிஜிஸ்டர்லயே இல்லம்மா. யார் கட்டினா, யார் அனுமதிச்சான்னு மானேஜருக்கு ஒரு நோட் வையி. துரை பத்து மணிக்குக் கோயமுத்தூர் கிளம்பறார்."

ரோசம்மா சொல்லச் சொல்ல அடித்தேன். காடு வெட்ட வந்தவர்களுக்கு மலைக்காய்ச்சல். பிழைத்தவர்கள் ஓடையிலிருந்து ஆளுக்கொரு கல் சுமந்து சுவர் வைத்தார்கள். பலிபீடம், ஒரு தேயிலைப் பெட்டி. மணி, ஒரு தண்டவாளத் துண்டு.

"தகரம் யாரு குடுத்தாங்க?"

"அப்ப இருந்த வெள்ளக்காரத் தொரைதானுங்க. குடுத்துப்போட்டு, 'ஒழுகினா உன் சாமிகிட்டச் சொல்லிக்கோ, ஆபீசுக்கு வராதே'ன்னாருங்க."

திருத்த நேரமில்லை. அப்படியே அடித்து, கீழே 'பட்டியலில் தவறு என்னுடையது' என்றும் சேர்த்தேன்.

மானேஜர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி படித்தார். தகரம் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். "இது அந்த மனுஷன் பேச்சேதான். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்." பேனாவை எடுத்து, நோட்டோடு இணைத்திருந்த இடிப்புப் பட்டியலின் கடைசி வரியைக் கோடு போட்டு நீக்கினார். அதற்குள் கழற்றியிருந்த இரண்டு தகரங்களும் மதியத்துக்குள் கூரைக்கு ஏறிவிட்டன.

புதிதாக டைப்பிஸ்டாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: சொன்னதை முதலில் சொன்னபடி அடியுங்கள். புரியாத சொல்லை, சொன்னவரிடமே கேளுங்கள். ஸ்பீடு கொஞ்சம் குறையும். கட்டடம் நிற்கும்.