தண்ணீர் குடிக்காததற்குக் கிடைத்த பாராட்டு

வாலிநோக்கம் உப்பளத்தில் உப்புச் சுமந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வயிற்றுவலி, தண்ணீர் குடிக்கவே போகவில்லை. மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "காளியம்மாளைப் பாருங்க! பானைப் பக்கமே போகல. இவதான் வேலைக்காரி!" என்றார்.

மறுநாள் ஒருத்தியும் பானைப் பக்கம் போகவில்லை. உச்சிவெயிலில் என் மதினி கூடையோடு சுருண்டு விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தபோது, "என்னையும் ஒரு வார்த்தை நல்லாச் சொல்லுவாருன்னு பார்த்தேன், காளி" என்று முனகினாள்.

மேஸ்திரியோ, "உடம்புக்கு ஏலாதவ ஏன் வாரா?" என்றார்.

இன்று பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. வெயில் ஏறியதும் முதல் ஆளாகப் போய், எல்லோரும் பார்க்கச் செம்பு நிறையக் குடிக்கிறேன். பிறகுதான் மற்றவர்கள் கூச்சமில்லாமல் வருகிறார்கள். முதலாளி என்னைச் சோம்பேறி என்கிறார். சொல்லட்டும். பாராட்டு என்ன செய்யும் என்று பார்த்தவள் நான்.