லேசான துப்பாக்கியும் நூற்று நாலு கிலோ இசிதோரும்

வியாழக்கிழமை பத்து மணிக்கு இசிதோர், தொல்மின் என்கிற மலையூரின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால், கோட்டுப் பையிலிருந்து முதலில் வெளியே வருவது கொக்கித் தராசு. அடித்த மானைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு. அதைக் கடை உத்திரத்தில் மாட்டுவார். புதுத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் வாரோடு தொங்கவிட்டு, முள் ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“அண்ணே, பெட்டி மேலயே எடை போட்டிருக்கு” என்பான் கடைக்காரன் ஸ்லவ்கோ.

“பெட்டி என்ன வேணா சொல்லும். மலை ஏறப்போறது பெட்டியா, நானா?”

எடை முடிந்ததும் துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு கிடங்குப் படி பதினாலையும் ஏறி இறங்குவார். ஜூலை வெயிலில் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு குண்டேற்றுகிற போல்ட்டை இழுத்துப் பார்ப்பார். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, சட்டென்று திறந்து, எதிர்ச்சுவர்க் காலண்டர், குறிபார்க்கிற ஸ்கோப்புக்குள் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியும். வாங்க மாட்டார். நாலு வாரம் இதே கூத்து.

“நூத்தி நாலு கிலோ ஆளு, நூறு கிராமுக்கு மூஞ்சியச் சுளிக்கிறேன் பாரு. என்னைத் தொங்கவிட்டா இந்தக் கொக்கி நிமிந்துடும்” என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். கேலி செய்ய வந்தவர்களுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

துப்பாக்கி இல்லாதவர் இல்லை. மாமனார் வாலன்டின் சாகிறபோது பெற்ற மகன் ராதோவை விட்டுவிட்டு மருமகன் கையில் கொடுத்துப்போனது ஒன்று வீட்டில் இருக்கிறது. வாலன்டினுடைய பெரியம்மா புருஷன் கையால் செய்தது. அவர் கொல்லர். வால்நட் மரத்துப் பிடிக்கட்டை, கனத்த குழல், சுட்டால் தோளில் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். ஆனால் ஸ்கோப்போடு நாலே முக்கால் கிலோ. போன வருஷம் அதைச் சுமந்துகொண்டு மலையாடு தேடி ஏறினார். (மலையாடு என்றால் நம் வரையாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ராதோ அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அந்த ஊரில் தன் துப்பாக்கியை இன்னொருவன் தூக்க விடுவது, இன்னொருவன் சோறு ஊட்டிவிடுகிற மாதிரி.

அந்த ராதோதான் வேட்டைச் சங்கத் தலைவன். எழுபது தாண்டியவர்கள், மலைக்குத் தூக்கிப்போகிற அதே துப்பாக்கியால், நூறு மீட்டரில் காபித் தட்டு அளவு வட்டத்துக்குள் மூன்று குண்டு போட வேண்டும் என்பது சங்கத்து விதி. போட்டால் வேட்டைக்கு மலை உச்சிப் பகுதி. தவறினால் காட்டோரத்து ஏணிப் பரண். அங்கே மெத்தை போட்டு உட்கார்ந்தால் மான் தானாக வரும். ஊரில் அந்தப் பரணுக்குப் பெயர் ‘பென்ஷன்’. மார்ச்சில் இசிதோருக்கு எழுபது முடிந்தது.

ஐந்தாவது வியாழன் வாங்கிவிட்டார். ஆலையில் செய்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை, விரல் மாதிரிக் குழல், ஸ்கோப்போடு மூன்று கிலோ நூறு. குறியைச் சரிசெய்து கொடுத்த ஸ்லவ்கோ, “லேசா இருந்தா உதைக்கும்ணே. கண்ணைத் தள்ளி வைங்க” என்றான்.

“கழுதை வளத்த குடும்பம்டா எங்களுது. உதை என்ன புதுசா?”

வீட்டில் மனைவி மில்கா துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “ஒன்றரைக் கிலோ குறைஞ்சிருக்கா? இந்தாங்க, சரிக்கட்டிக்கங்க” என்று பாலாடைக்கட்டி உருகின உருளைக்கிழங்கு ரொட்டியில் இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தாள். சரிக்கட்டினார்.

ஞாயிறு காலை சுடுமைதானம். “அத்தான், எங்கப்பா துப்பாக்கி எங்க? இது என்ன, குடையா?” என்றான் ராதோ.

“மழை வரட்டும் மாப்ளே, விரிச்சுக் காட்டறேன்.”

முதல் குண்டு நடுவில் போனது. ஆனால் துப்பாக்கி துள்ளின துள்ளலில் தோள் பயந்துவிட்டது. இரண்டாவதில் விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொண்டது. குண்டு வட்டத்தின் கோட்டிலேயே ஓட்டை போட்டது. கோடு பட்டால் சேர்த்தி. கண் மூடினதை ராதோ பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

“விட்டுடுங்க அத்தான். கீழயே நல்ல இடமாத் தரேன்.”

“நல்ல இடம்னா, கல்லறைப் பக்கமா?”

ராதோ தள்ளிப் போனான். துள்ளாமல் அடக்கிப் பிடிக்கிறேன் என்று இசிதோர் கன்னத்தைக் கட்டையில் அழுத்தி முன்னால் நகர்ந்தார். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே இரண்டு விரல்கூட இடமில்லை. சுட்டார். ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து புருவத்தில் அரைநிலா போட்டது.

“ஓட்டை எங்க?”

“ரத்தம் ஊத்துது அத்தான்...”

“அது எங்கயும் போகாது. ஓட்டையச் சொல்லு.”

ராதோ பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்தான். “நடுவுல. மூணும் உள்ள” என்று சொல்லி, தாளில் ‘உச்சி’ என்று எழுதினான்.

இசிதோர் மைதான ஓரத்துக்கு நடந்தார். அந்த ஊரில் வேட்டையில் மலையாடு விழுந்தால் ஊசியிலை மரத்தில் ஒரு கொப்பு ஒடித்து, ஆட்டின் காயத்தில் தொட்டு, தலைவன் கையால் சுட்டவன் தொப்பியில் செருகுவது வழக்கம். இவர் ஒரு கொப்பை ஒடித்தார். தன் புருவத்தில் தொட்டார். திரும்பி வந்து அதை ராதோ கையில் கொடுத்தார். தொப்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, விறைப்பாக நின்றார்.