தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்பைக் புரதம் செய்து வாங்கிய கதை

கொரோனாவின் ஸ்பைக் புரதத்தை வாங்க யாராவது தண்டையார்பேட்டைக்குப் போவார்களா? நான் போனேன், அதுவும் இரண்டு முறை. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அறிவியல் கண்காட்சிக்கு, பிள்ளைகள் கையால் இயக்கிப் பார்க்கும்படி இரும்பில் ஒரு மாதிரி வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்குக் கதவும் கிரில்லும் செய்யும் தில்லிபாபு சிரிக்கவில்லை.

“இதுவா சார் என் வூட்டுக்காரிய கொண்டுனு போச்சு?” என்றார். இரண்டாம் அலையில் அவர் மனைவி இறந்திருக்கிறார். “இது எப்டி உள்ள பூந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். அதுக்கோசரமே செய்றேன்.”

பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். வைரஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரே மாதிரியான மூன்று இழைகள் சேர்ந்தது. உச்சியில் மூன்று தலைகள் கவிழ்ந்திருக்கும். ஒரு தலையாவது நிமிர்ந்தால்தான் நம் செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பிடிக்க முடியும். அப்புறம் நம் உடம்பின் நொதிகளே முள்ளை வெட்டிக் கொடுக்கும், கர்மம்! மேல்பாகம் கழன்று விழ, உள்ளே மடங்கியிருந்த தண்டு துள்ளி நீண்டு செல்லின் சவ்வில் குத்தும். பிறகு மடங்கி, வைரஸையும் செல்லையும் ஒட்டவைத்துவிடும். ஆகவே தலைக்கு ஒரு கீல், தண்டுக்கு ஒரு ஸ்பிரிங் கேட்டேன்.

போன சனிக்கிழமை அதை வாங்கப் போனேன். காலை 8.10க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில், 9.10க்குக் கடற்கரை நிலையம், பத்து ரூபாய். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன், இருபது ரூபாய். ராயபுரம் தாண்டியதும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம்.

“எப்பதாங்க நகரும்?”

“இன்னா சார் அவசரம்? காலைலருந்து நானும் இத்தத்தான் பாத்துகினு கீறேன்,” என்றார் ஓட்டுநர்.

நாற்பது நிமிடம் பொறுத்துவிட்டு, இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். எனக்கு புத்தி வேண்டாமா?

மாதிரி ஒன்றரை அடி உயரம். தலை அழகாக நிமிர்ந்தது. தண்டுதான் அசையவே இல்லை. இரண்டு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்து இறுக்கியிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னங்க இது? அது துள்ளினாத்தானே பாடமே!”

“துள்ளுச்சு சார், என் மோவாயில குத்துச்சு. பசங்க கண்ணுல பூந்தா இன்னா பண்ணுவ? அதான் ரெண்டு எடத்துல புள்ளி வெச்சிட்டேன்.”

திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சில தடுப்பூசிகளுக்காக விஞ்ஞானிகள் செய்ததும் இதுதான். அந்தத் தண்டுப் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, துள்ளாதபடி விறைப்பாக்கினார்கள். துள்ளுவதற்கு முந்தைய உருவத்தை உடம்பு பார்த்துவைத்துக்கொண்டால், நிஜ வைரஸ் வரும்போது அடையாளம் கண்டு மறிக்கும். இதையெல்லாம் சந்தோஷத்தில் அவரிடம் கொட்டிவிட்டேன்.

“அப்ப ஊசின்றது, இத்த முன்னாடியே காட்டி வெக்கிறதா?”

“ஆமா. நமக்கு இங்க போட்டது பெரும்பாலும் வேற வகை. ஆனா வேலை அதேதான்.”

அவர் கையுறையைக் கழற்றினார். “போட்டுக்கிறேன்னுதான் சார் அவ சொன்னா. காச்சல் வந்து படுத்துக்குவ, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். போட்டிருந்தா இருந்திருப்பாளா?”

இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன், தெரிந்த பதிலை மழுப்பியதில்லை.

“ஒண்ணும் மாறியிருக்காதுங்க,” என்றேன்.

“மெய்யாலுமா?”

“மெய்யாத்தான்.”

தலையை ஆட்டிக்கொண்டார். மாதிரியைச் சாக்கில் சுற்றி, தெருமுனை வரை அவரே தூக்கி வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: சாலையை நம்பாதீர்கள். கடற்கரையில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் ரயில் மாறி, தண்டையார்பேட்டையில் இறங்குங்கள். வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். ஞாயிறு பட்டறை கிடையாது. படத்தில் அளவு குறித்திருக்க வேண்டும். தடுப்பூசி போட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. என் மாணவர்களிடம் அப்படித்தான் சொல்வேன், நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே சொல்லுங்கள். இந்தப் பதிவை மட்டும் தில்லிபாபுவுக்கு அனுப்ப வேண்டாம். அவர் உங்களிடமும் கேட்பார். நான் அவரிடம் சொன்னதையே சொல்லுங்கள்.